70 யூனிட் கூடியதற்கு 800 ரூபாயா? கரண்ட் பில் சந்தேகத்துக்கு விளக்கம்

அடுத்த கேள்வி திருப்பூரிலிருந்து வந்திருக்கிறது. ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்: "அக்டோபரில் எங்கள் வீட்டு மின்கணக்கு 490 யூனிட், 1,740 ரூபாய் கட்டினோம். டிசம்பரில் 560 யூனிட். 2,540 ரூபாய் வந்துவிட்டது. 70 யூனிட் கூடியதற்கு 800 ரூபாயா? மீட்டரில் கோளாறா? வீட்டில் ஏசி கிடையாது. சிக்கனத்துக்காகக் கிரைண்டரைக்கூட நிறுத்திவிட்டு மாவு பாக்கெட் வாங்குகிறோம். இன்னும் எதைத்தான் குறைப்பது? மாமியார், குழந்தைகள் என்று வீட்டில் ஐந்து பேர். மழைக்காலம் என்பதால் காலை ஐந்தரைக்கு கீசரைப் போட்டால், எல்லாரும் குளித்து முடித்து ஒன்பது மணிக்குத்தான் அணைக்கிறோம்."

மீட்டரில் கோளாறு இல்லை, சகோதரி. கணக்கு சரியாகத்தான் வந்திருக்கிறது. ஆனால் அந்தக் கணக்கை யாரும் உங்களுக்குச் சொல்லித் தரவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். எத்தனையோ வீடுகளில் இதே கேள்வி இருக்கிறது. பேப்பர், பேனா இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 2024 ஜூலையில் திருத்திய கட்டணத்தை வைத்துச் சொல்கிறேன்.

இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். இது 2016-லிருந்து இருக்கிறது. மொத்தப் பயன்பாடு 500-க்குள் நின்றால், அடுத்த 100 யூனிட்டுக்கு அரசு மானியம் போக நாம் கொடுப்பது யூனிட்டுக்கு 2 ரூபாய் 35 காசு. 201 முதல் 400 வரை 4 ரூபாய் 70 காசு. 401 முதல் 500 வரை 6 ரூபாய் 30 காசு. எல்லாவற்றையும் கூட்டினால் 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய்.

இப்போது 501-வது யூனிட் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த யூனிட்டுக்கு 8 ரூபாய் 40 காசு. அதோடு முடிந்தால் பரவாயில்லை. 500-ஐத் தாண்டியவுடன், இரண்டாவது நூறுக்குக் கிடைத்த அந்த 2 ரூபாய் 35 காசு சலுகை போய்விடுகிறது. அதற்கும் 4 ரூபாய் 70 காசு கணக்கிடுகிறார்கள். அங்கே மட்டும் 235 ரூபாய் ஏறுகிறது. 501 யூனிட்டுக்கு மொத்தம் 2,048 ரூபாய். ஒரே ஒரு யூனிட்டுக்கு 243 ரூபாய்! உங்கள் பில்லில் நடந்ததும் இதுதான். 500-க்கு முன்பிருந்த 10 யூனிட், அதற்குப் பிறகு 60 யூனிட், போன சலுகை, மூன்றும் சேர்ந்து 800 ரூபாய்.

ஆகவே உங்கள் வீட்டில் "எல்லாவற்றையும் குறை" என்று எல்லாரையும் வாட்ட வேண்டிய அவசியமே இல்லை. குறைய வேண்டியது 60 யூனிட். அந்த அறுபது எங்கே இருக்கிறது என்று மட்டும் பார்ப்போம்.

முதலில், அது எங்கே இல்லை என்று சொல்லிவிடுகிறேன். கிரைண்டரில் இல்லை. இரண்டு லிட்டர் டேபிள்டாப் கிரைண்டர் 150 வாட். ஆயிரம் வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால்தான் ஒரு யூனிட். அரிசியும் உளுந்தும் ஆட்ட ஒரு மணி நேரம் ஆனாலும் 0.15 யூனிட், உங்கள் கடைசி விலையில் போட்டாலும் ஒன்றேகால் ரூபாய். அந்த ஒன்றேகால் ரூபாயை மிச்சம் பிடிக்கத்தான் வாரம் தவறாமல் மாவு பாக்கெட்டுக்குக் காசு கொடுக்கிறீர்கள். தயவுசெய்து இன்றைக்கே ஊறப்போடுங்கள். மிக்சியும் அப்படித்தான், ஐந்து நிமிடம் ஓடுகிற பொருள். 9 வாட் எல்இடி பல்பு தினமும் ஆறு மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்துக்கு மூன்றேகால் யூனிட். தேவையில்லாத விளக்கை அணைப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் அதற்காகப் படிக்கிற பிள்ளையைத் திட்டாதீர்கள்.

அக்டோபருக்கும் டிசம்பருக்கும் நடுவில் உங்கள் வீட்டில் என்ன மாறியது? கேள்வியின் கடைசியில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: மழைக்காலம் என்பதால் காலை ஐந்தரைக்கு கீசரைப் போட்டால், ஐந்து பேரும் குளித்து முடித்து ஒன்பது மணிக்குத்தான் அணைப்பது. அங்கேதான் இருக்கிறது உங்கள் 70 யூனிட். பொதுவாக வீட்டு கீசர் 2,000 வாட். மூன்றரை மணி நேரமும் அது முழுதாக இழுக்காது. சூடானதும் தானே நிற்கும், தண்ணீர் ஆறினால் மறுபடி இழுக்கும். மொத்தத்தில் தினமும் முக்கால் மணி நேரம் இழுத்தது என்று வைத்தாலும் ஒன்றரை யூனிட். அறுபது நாளுக்கு 90.

வெந்நீர் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். வயதான மாமியார் இருக்கிறார், குழந்தைகள் இருக்கிறார்கள். ஆளுக்கொரு நேரத்தில் குளிக்காமல் ஒருவர் பின் ஒருவராகக் குளிக்கட்டும். கடைசி ஆள் உள்ளே போகும்போதே சுவிட்சை அணைத்துவிடலாம், தொட்டியில் இருக்கும் சூடு அவருக்குப் போதும். ஷவரை விட்டுவிட்டு வாளியில் பிடியுங்கள். வெப்ப அளவைத் திருகும் வசதி இருந்தால் குறைத்து வையுங்கள். எப்படியும் பச்சைத்தண்ணீர் கலந்துதானே குளிக்கிறோம். இதிலேயே பாதிக்குப் பாதி இறங்கும்.

மீதி, ஃபேனில் இருக்கிறது. பழைய சீலிங் ஃபேன் 75 வாட். மாமியார் அறையில் ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 72 யூனிட். பிஎல்டிசி ஃபேன் என்று இப்போது கடைகளில் கிடைக்கிறதே, அது 30 வாட் அளவில் ஓடும். அதே நேரத்துக்கு 29 யூனிட். 43 யூனிட் மிச்சம். விலை ஏறக்குறைய மூவாயிரம் ரூபாய். மிச்சமாகும் யூனிட்டுக்கு 6 ரூபாய் 30 காசு என்று போட்டால், இரண்டு வருடத்துக்குள் போட்ட பணம் திரும்பிவிடும். ஆனால் மூன்று ஃபேனையும் ஒரே நாளில் தவணையில் வாங்கிவிடாதீர்கள். அதிக நேரம் ஓடுகிற அந்த ஒரு ஃபேனை மட்டும் மாற்றுங்கள். ராத்திரி மட்டும் ஓடும் அறைக்கு அவசரமே இல்லை.

சின்ன விஷயம் ஒன்று. டிவியை ரிமோட்டில் அணைத்துவிட்டு செட்டாப் பாக்ஸை அப்படியே விட்டுவிடுகிறோம். அது 10 வாட் இழுத்துக்கொண்டிருந்தால்கூட இரண்டு மாதத்தில் 12 யூனிட்டுக்கு மேல் போகும். சுவர் சுவிட்சை அணைத்தால் முடிந்தது. ஃபிரிட்ஜ் கதவு ரப்பரில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தாள் வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் போய்விட்டது, மாற்றுங்கள்.

இதையெல்லாம்விட முக்கியமான வேலை, முப்பதாவது நாளில் மீட்டரைப் பார்ப்பது. கணக்கெடுத்த அன்று இருந்த எண்ணைக் காலண்டரில் எழுதி வையுங்கள். முப்பது நாள் கழித்து மீட்டர் திரையில் கேடபிள்யூஎச் (kWh, அதாவது யூனிட்) என்று வரும் எண்ணிலிருந்து அதைக் கழியுங்கள். 250-க்குள் இருந்தால் நிம்மதி. 280 என்று காட்டினால், திருத்திக்கொள்ள இன்னும் ஒரு மாதம் கையில் இருக்கிறது. பில் வந்த பிறகு பார்த்து என்ன பயன்? கணக்கெடுப்பவர் வரும் தேதியையும் கவனியுங்கள். அறுபது நாள் தாண்டியும் வரவில்லையென்றால் உங்கள் பிரிவு அலுவலகத்துக்குப் போன் செய்து கேளுங்கள், மீட்டரைத் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். 490-இல் நிற்கிற வீட்டை நாலு நாள் தாமதமே 500-ஐத் தாண்ட வைத்துவிடும்.

ஏசி வைத்திருப்பவர்களும் கேட்பீர்கள். 24 டிகிரிக்குக் கீழே இறக்காதீர்கள், கூடவே ஃபேனை மெதுவாக ஓடவிடுங்கள். 500-ஐ நீங்கள் எப்படியும் தாண்டுவீர்கள். உங்களுக்கு 600, 800 ஆகியவைதான் அடுத்த எல்லைகள்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு மட்டும் நான் சொன்ன கணக்கு அப்படியே பொருந்தாது. தனி இணைப்பு இல்லாமல், வீட்டுக்காரர் வைத்த சப்-மீட்டரைப் பார்த்து யூனிட்டுக்கு 8 ரூபாய், 10 ரூபாய் என்று கொடுத்துக்கொண்டிருந்தால், இலவச 100 யூனிட்டும் உங்களுக்கு வருவதில்லை, 2 ரூபாய் 35 காசு சலுகையும் வருவதில்லை. இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் ஓடும் சின்னக் குடும்பம் தனி இணைப்பில் கட்ட வேண்டியது 235 ரூபாய். 8 ரூபாய் கணக்கில் கொடுப்பது 1,600. ஆகவே வீடு பார்க்கப் போகும்போது முன்பணத்தைப் பேசுவதற்கு முன்னால், "இந்த வீட்டுக்குத் தனி இணைப்பு இருக்கிறதா, பில் எந்த எண்ணில் வருகிறது?" என்று கேளுங்கள். வாடகை 500 ரூபாய் கூடுதலாக இருந்தாலும், தனி இணைப்புள்ள வீடே உங்களுக்கு மலிவாக முடியலாம்.

திருப்பூர் சகோதரி, அடுத்த முப்பதாவது நாள் மீட்டர் எண்ணை எனக்கு எழுதுங்கள். சேர்ந்து பார்ப்போம்.