புது மண்டபத்துத் தூணடிக் கடைகள்

நேயர்களுக்கு வணக்கம்.

வெளியூரிலிருந்து உறவினர் வந்தால் மீனாட்சி அம்மன் கோயிலுக்கு அழைத்துச் செல்லாத வீடு மதுரையில் இருக்காது. ஆனால் கிழக்குக் கோபுரத்துக்கு நேர் எதிரே, சாலையைக் கடந்தவுடன் நிற்கும் புது மண்டபத்தை அதே கவனத்தோடு பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறவர்கள் மிகச் சிலரே. பல தலைமுறைகளாக அது நமக்குக் கூரை போட்ட கடைவீதியாகவே பழகிவிட்டது. சிற்பம் பார்க்க வந்தவர்கள் கடைகளை இடையூறாக நினைத்தார்கள். சாமான் வாங்க வந்தவர்கள் தலை நிமிர்ந்து தூண்களைப் பார்க்கவில்லை. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் புது மண்டபம் முழுமையாகப் புரியும் என்பதே நான் இன்று சொல்ல வந்த செய்தி.

1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர், வைகாசி மாத வசந்த உற்சவத்துக்காக இந்த மண்டபத்தை எழுப்பினார். நீளம் ஏறத்தாழ 333 அடி, அகலம் 105 அடி. நான்கு வரிசைகளாக 124 தூண்கள். வெயில் கொளுத்தும் நாட்களில் சுவாமியும் அம்மனும் இங்கே எழுந்தருளும்போது உள்ளே குளுமை நிலவ வேண்டும் என்பதற்காக, மண்டபத்தைச் சுற்றி அகழி போன்ற பள்ளம் அமைத்து அதில் தண்ணீர் நிரப்பினார்கள். கோடையைச் சமாளிக்கக் கல்லையும் நீரையும் காற்றையும் ஒன்றாகக் கணக்கிட்ட அந்த அறிவை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை.

முகப்பில் யாளிகளும் குதிரை வீரர்களும் நம்மை எதிர்கொள்வார்கள். உள்ளே மீனாட்சி திருக்கல்யாணம், கயிலையைப் பெயர்க்க முயலும் இராவணன், பன்றிக்குட்டிகளுக்குப் பால் கொடுத்த திருவிளையாடல், கரும்பு தின்னும் கல்யானை எனத் தூணுக்குத் தூண் கதை மாறும். நடுப்பாதையின் இரு பக்கமும் விசுவநாத நாயக்கர் தொடங்கித் திருமலை நாயக்கர் வரையிலான அரசர்கள் கைகூப்பி நிற்கிறார்கள்.

திருமலை நாயக்கரின் அருகில் நிற்கும் அரசியின் சிலையைப் பற்றி மதுரையில் வழிவழியாக ஒரு கதை சொல்வார்கள். செதுக்கும்போது தொடைப்பகுதியில் ஒரு சில்லு பெயர்ந்துவிட, சிற்பி மனம் நொந்து வேறு கல் தேடினாராம். உடல் அடையாளங்களைக் கூறும் சாமுத்திரிகா இலட்சணப்படி அங்கே ஒரு மச்சம் இருந்தே தீரும், அப்படியே விட்டுவிடுங்கள் என்றாராம் அமைச்சர் நீலகண்ட தீட்சிதர். இதை அறிந்த மன்னருக்குச் சந்தேகம் எழுந்தது. மன்னரின் மனநிலையை உணர்ந்த தீட்சிதர் கற்பூரச் சுடரால் தம் கண்களையே அவித்துக்கொண்டார். பின்னர் அம்மனைப் பாடிப் பார்வை பெற்றார் என்று கதை முடியும். நடந்ததோ இல்லையோ, ஒரு சிறு கல்சில்லைச் சுற்றி இவ்வளவு பெரிய கதையை வளர்த்த ஊர், இந்தச் சிலைகளை எவ்வளவு நெருங்கிப் பார்த்திருக்க வேண்டும்!

இந்தத் தூண்களின் அடியில்தான் கடைகள் இருந்தன. பித்தளை அண்டா, குத்துவிளக்கு, வளையல், மரப்பொம்மை, பஞ்சாங்கம், பெரிய எழுத்துக் கதைப் புத்தகம், பள்ளிப் பாடநூல் எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைத்தன. எங்கள் வீட்டில் கடையின் பெயரைச் சொல்லி அனுப்ப மாட்டார்கள்; "யானைத் தூணுக்குப் பக்கத்தில் இருக்கிற பாய் கடையில் கேள்" என்பார்கள்.

எல்லாவற்றிலும் என் மனத்தில் நிற்பவர்கள் தையல்காரர்கள். பங்குனி பிறந்துவிட்டால் அவர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. சித்திரைத் திருவிழாவில் அழகர் வைகையில் இறங்கும்போது, கருப்பசாமி வேடமிட்டு வருவோரும் தோல்பையில் நீர் நிரப்பிப் பீய்ச்சுவோரும் அணியும் உடைகள் இங்கேதான் தயாராயின. சிவப்பு வெல்வெட்டை முழங்கால் அளவுக்கு வெட்டிச் சல்லடம் என்னும் அரைக்கால் உடையாகத் தைத்து, ஓரத்தில் சரிகைப் பட்டையைச் சுருக்கம் விழாமல் வளைத்து ஓட்டி, அதற்கேற்ற உருமாலை என்னும் தலைப்பாகையும் சேர்த்துக் கொடுப்பார்கள். சரிகை வளைகிற இடத்தில் மட்டும் மிதியைத் தளர்த்திச் சக்கரத்தைக் கையாலேயே மெல்ல உருட்டுவார்கள். அந்த நேரத்தில் பேச்சுக் கொடுத்தால் பதில் வராது. இப்படித் தைத்தவர்களில் பலர் தலைமுறை தலைமுறையாக இந்தத் தொழிலைச் செய்துவரும் இஸ்லாமியர்கள். அழகருக்கு நேர்ந்துகொண்ட கிராமத்துப் பிள்ளைக்கு அளவெடுத்து, வேண்டுதல் நல்லபடியாக நிறைவேறட்டும் என்று வாழ்த்தி அனுப்புவது அவர்களுக்கு இயல்பான வழக்கம்.

அதே வேளையில், தூண்களுக்கு நேர்ந்த சேதத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் சிற்பங்களின் முகத்தில் படிந்தன. சரக்கு மாட்டுவதற்காகக் கயிறும் ஆணியும் ஏறின. 2018 பிப்ரவரி 2ஆம் நாள் இரவு கோயிலின் வீரவசந்தராயர் மண்டபத்தில் ஏற்பட்ட தீயில் அங்கிருந்த கடைகள் எரிந்து, கல் மண்டபமே பெரும் சேதம் அடைந்ததைக் கண்ட பிறகு, பழைய மண்டபங்களுக்குள் கடைகள் தொடர வேண்டும் என்று மனச்சாட்சியோடு யாரும் வாதிட முடியவில்லை. புது மண்டபத்துக் கடைகளும் பின்னர் அருகிலுள்ள குன்னத்தூர் சத்திர வளாகத்துக்கு மாற்றப்பட்டன. அந்த முடிவு சரியானது என்றே கருதுகிறேன்.

ஆகவே, புது மண்டபத்தைக் காண வருகிறவர்கள் குன்னத்தூர் சத்திரத்துக்கும் தவறாமல் செல்லுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பங்குனி மாதத்தில் சென்றால், வெட்டி அடுக்கிய வெல்வெட்டையும் சரிகைக் கண்டுகளையும் நேரில் பார்க்கலாம். மாடிப்படி ஏறி வாடிக்கையாளர் வந்தால்தான் அந்தத் தொழில் பிழைக்கும்.

இன்னொரு வேலையும் மிச்சம் இருக்கிறது. ஆங்கிலேய ஒளிப்படக் கலைஞர் லின்னேயஸ் டிரைப் 1858ஆம் ஆண்டிலேயே மதுரைக்கு வந்து கோயிலையும் மண்டபங்களையும் ஒளிப்படம் எடுத்துவிட்டார். அறிஞர்கள் தூண்களை அளந்து எழுதினார்கள். அங்கே அமர்ந்து தொழில் செய்தவர்களுக்கு அந்த அளவு கவனம் கிடைக்கவில்லை. எந்தத் தூணடியில் எவருடைய கடை இருந்தது, தாத்தா காலத்தில் என்ன விற்றார்கள், வேட உடைக்கு அளவெடுக்கும் கணக்கு என்ன என்பதையெல்லாம் வாயால் சொல்லக்கூடிய மூத்த வியாபாரிகள் இன்னும் இருக்கிறார்கள். மதுரைக் கல்லூரிகளின் வரலாற்றுத் துறை மாணவர்கள் ஒரு குறிப்பேட்டோடும் ஒலிப்பதிவுக் கருவியோடும் அவர்களிடம் போய் உட்கார வேண்டும். திருவிழா வேலை முடிந்து அவர்களுக்கு ஓய்வு கிடைக்கும் வைகாசி மாதமே அதற்கு ஏற்ற காலம்.

நன்றி. வணக்கம்.