எழுதட்டும், நடுவர் அவர்களே!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, இந்தக் குளிரிலும் பொங்கல் விழாவுக்கு வந்திருக்கும் பெற்றோர்களே, வணக்கம்.

அமெரிக்கக் கல்லூரி விண்ணப்பக் கட்டுரையில் பிள்ளைகள் தங்கள் அரசியல் ஈடுபாட்டை எழுதலாமா, கூடாதா? தாராளமாக எழுதலாம் என்பது எங்கள் கட்சி. எதிரணித் தலைவர் சற்று முன் சொன்னார்: "படிக்கிற அதிகாரி எந்தக் கட்சியோ, யார் கண்டது? வம்பு எதற்கு? ரோபாட்டிக்ஸ் பற்றி எழுதிவிட்டுப் போகலாமே!" கைதட்டலும் வாங்கிவிட்டார்.

சரி, ஒரு பெண் இரண்டு வருடம் தேர்தல் பிரசாரத்துக்காக வீடு வீடாக ஏறி இறங்கியிருக்கிறாள் என்று வையுங்கள். பல கல்லூரிகளுக்கு ஒரே படிவத்தில் விண்ணப்பிக்க உதவும் காமன் ஆப் விண்ணப்பத்தில் 10 செயல்பாடுகள் வரை பட்டியல் போடலாம். இதைப் போடாமல் இருப்பாளா? அவளுடைய சனிக்கிழமைகள் எல்லாம் அங்கேதானே போயின! ஒவ்வொரு செயல்பாட்டையும் விவரிக்கக் கிடைப்பது 150 எழுத்து இடம். அதற்குள் கட்சிப் பெயர் அடங்கிவிடும். கதவைத் திறந்த பெரியவர் திட்டியபோது அவள் என்ன நினைத்தாள், அடுத்த வீட்டுக்கு ஏன் போனாள் என்பது அடங்காது. அதற்குத்தான் 650 சொல்லில் கட்டுரை. எதிரணி யோசனைப்படி நடந்தால் அதிகாரிக்குக் கட்சி தெரியும், பெண்ணைத் தெரியாது. இதைவிட வம்பு உண்டா?

இன்னொன்று, கல்லூரிகளே கேட்கின்றன. நீ ஒரு நம்பிக்கையையோ கருத்தையோ கேள்வி கேட்ட தருணத்தைச் சொல் என்பது காமன் ஆப் தரும் தலைப்புகளில் ஒன்று. உன் பள்ளியையோ சமூகத்தையோ மேம்படுத்த என்ன செய்தாய் என்று கலிபோர்னியா பல்கலைக்கழகம் கேட்கிறது. இதற்கெல்லாம் பதிலாகப் பரதநாட்டிய அரங்கேற்றத்தையே எழுதினால் எப்படி? (என் வீட்டிலும் ஓர் அரங்கேற்றம் நடந்தது. செலவு எனக்குத் தெரியும், அதனால் கிண்டல் செய்ய மாட்டேன்.)

2018 பிப்ரவரியில் புளோரிடாவின் பார்க்லாந்து பள்ளியில் துப்பாக்கிச் சூட்டில் 17 பேர் இறந்தார்கள். அடுத்த மாதம் நாடு முழுக்க மாணவர்கள் 17 நிமிடம் வகுப்பைவிட்டு வெளியே வந்து நின்றார்கள். வந்தால் சஸ்பெண்ட் செய்வோம் என்று சில இடங்களில் மிரட்டினார்கள். அமைதியான போராட்டத்துக்காகத் தண்டிக்கப்பட்டால் அது சேர்க்கையைப் பாதிக்காது என்று எம்.ஐ.டி., யேல் பல்கலைக்கழகங்கள் வெளிப்படையாகச் சொன்னதை எதிரணி வசதியாக மறந்துவிட்டது.

விசாவில் இருக்கும் குடும்பங்கள் அரசியலை எழுதத் தயங்குவதை நான் கோழைத்தனம் என்று சொல்ல மாட்டேன். அது அந்த வீட்டின் முடிவு. அதை ஊருக்கே சட்டமாக்காதீர்கள் என்பதுதான் என் வாதம்.

எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய நண்பர், முதல் வரி முதல் கடைசி வரி வரை ஒரு ஜனாதிபதியைத் திட்டும் கட்டுரையைப் படித்துக் காட்டினார். அது மேடைப் பேச்சு, ஐயா. எனக்குச் சரிப்படும், 17 வயதுக்குச் சரிப்படாது. அந்தத் தாளில் அந்தப் பிள்ளை எங்கே இருக்கிறான்? பல மாநிலங்களில் 16, 17 வயதிலேயே வாக்குச்சாவடியில் பணி செய்யலாம். மேரிலாந்தின் டகோமா பார்க்கில் 2013 முதல் 16 வயதில் நகரத் தேர்தலில் வாக்கே போடலாம். சாவடி மாறி வந்து கத்திய ஒருவரை உட்காரவைத்து, சரியான முகவரியைத் தேடிக் கொடுத்து அனுப்பிய கதையை ஒரு பையன் எழுதட்டும். கட்சியின் வாசனையே அதில் இருக்காது. ஆனால் முழுக்க அரசியல் ஈடுபாடு.

மணி அடித்துவிட்டார்கள். அடுத்துப் பேச வரும் எதிரணி அம்மையார் ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லட்டும். பட்டியலில் இருக்கும் அந்த இரண்டு வருடத்தைக் கட்டுரையில் மறைக்கச் சொல்கிறீர்களே, நேர்காணலில் "இதைப் பற்றிச் சொல்லும்மா" என்று கேட்டால் அந்தப் பெண் என்ன செய்வாள்? ரோபாட்டைக் காட்டுவாளா?

நன்றி, வணக்கம்.