ஒரே இன்ஜின், ஆயிரம் தறி

நண்பர்களே, விசைத்தறிக்காரர்கள் இத்தனை பேர் இருக்கிற அரங்கில் தறியைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதை. அதனால் தறியை உங்களிடமே விட்டுவிட்டு, அதை ஓட்டிய நீராவிக்கு வருகிறேன்.

இங்கிலாந்தில் லங்காஷயர் வட்டாரம். பர்ன்லிக்குப் பக்கத்தில் ஹார்ல் சைக் என்ற ஊர். அங்கே 1894-ல் கட்டத் தொடங்கியது குயின் ஸ்ட்ரீட் மில். நெல்சன் ஊரில் வில்லியம் ராபர்ட்ஸ் கம்பெனி செய்த 500 குதிரைத்திறன் இன்ஜின் ஒன்றுதான் மொத்த மில்லுக்கும். முதலில் அதற்கு 'ப்ரூடன்ஸ்' என்று பெயர். முதல் உலகப் போருக்குப் பிறகு 'பீஸ்' ஆனது.

அந்த இன்ஜினில் ஒரே தண்டில் முன்னும் பின்னுமாக இரண்டு சிலிண்டர்கள். பாய்லரிலிருந்து வரும் நீராவி சின்ன சிலிண்டரில் முழு அழுத்தத்தோடு ஒருமுறை தள்ளும். அழுத்தம் குறைந்த பிறகும் விடமாட்டார்கள். பெரிய சிலிண்டருக்கு அனுப்பி இன்னொரு முறை வேலை வாங்குவார்கள். கடைசியில் அதைக் குளிரவைத்துத் தண்ணீராக்க மில்லை ஒட்டியே ஒரு குளம். நிலக்கரிக்குக் கொடுத்த காசுக்கு இவ்வளவு கறாராகக் கணக்குத் தீர்த்த இயந்திரம் வேறு எது?

இன்ஜின் சுழல, நீள நீளமான ஷாஃப்டுகள் சுழலும். அவற்றிலிருந்து தறிக்கு ஒரு பெல்ட். ஏறத்தாழ ஆயிரம் தறி ஓடுகிற இரைச்சலில் பேச்சு எங்கே கேட்கும்? நெசவாளர்கள் வாயசைத்து, முகம் கோணி, சைகை காட்டித்தான் ஊர்க்கதை பேசினார்கள். அதிலும் வம்புக்குக் குறைவிருந்திருக்காது என்பது என் எண்ணம்!

இதில் எனக்குப் பிடித்த சிக்கல் ஒன்று உண்டு. லங்காஷயர் நெசவாளருக்கு நாள் சம்பளம் கிடையாது. நெய்த துணிக்குத்தான் கூலி. இன்ஜின் கொஞ்சம் தொய்ந்தால் எல்லாத் தறியும் ஒன்றாகத் தொய்யும். எல்லார் கூலியும் குறையும். ஆனால் இந்த மில்லில் தொழிலாளர்களே பங்குதாரர்கள்! கரியை மிச்சம் பிடித்தால் லாபத்தில் பங்கு, ஆனால் இன்ஜின் தொய்ந்தால் பிடித்த கையாலேயே கூலியில் வெட்டு. வேகம் ஏறினால் விரிந்து நீராவியைக் குறைத்து, இறங்கினால் சுருங்கித் திறந்துவிடும் கவர்னர் என்கிற கருவி, இரண்டுக்கும் நடுவே நின்று பஞ்சாயத்துப் பண்ணிக்கொண்டிருந்தது என்றே சொல்வேன்.

தறிக்குத் தறி மோட்டார் வைத்த ஆலைகளில் இந்தப் பஞ்சாயத்து தீர்ந்துபோனது. குயின் ஸ்ட்ரீட் மட்டும் 1982-ல் மூடும்வரை நீராவியை விடவில்லை.