முதலில் காயம், அப்புறம் நட்சத்திரம்

அன்பான நேயர்களே, ஆண்டவராகிய இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் உங்கள் எல்லாருக்கும் வாழ்த்துகள்.

மனம் நொந்து கிடப்பவரிடம், "வானத்தைப் பாருங்கள், நம் தேவன் எவ்வளவு பெரியவர்!" என்று நாம் சட்டென்று சொல்லிவிடுகிறோம். எனக்கு அதில் கொஞ்சம் தயக்கம் உண்டு. வானத்தை நிஜமாகவே உற்றுப் பார்த்தால் முதலில் வருவது ஆறுதல் இல்லை, ஒரு மலைப்பு, சிலருக்குப் பயமும்கூட. சூரியனிலிருந்து கிளம்பும் ஒளி நம்மை வந்து சேர 8 நிமிடத்துக்குச் சற்று அதிகமாகிறது. அதே வேகத்தில் வரும் ஆண்ட்ரோமிடா என்ற நட்சத்திர மண்டலத்தின் ஒளியோ சுமார் 25 லட்சம் ஆண்டுகள் பயணம் செய்த பிறகுதான் நம் கண்ணில் ஒரு மங்கலான திட்டாகப் படுகிறது, இத்தனைக்கும் பெரிய மண்டலங்களில் அதுதான் நமக்குப் பக்கத்து வீடு. இவ்வளவு பெரிய இடத்தில் என் கடனையும் என் பிள்ளையின் காய்ச்சலையும் யார் கவனிக்கப் போகிறார்கள் என்றுதானே தோன்றும்?

தாவீதுக்கும் அந்த மலைப்பு இருந்தது. எட்டாம் சங்கீதத்தில் சந்திரனையும் நட்சத்திரங்களையும் பார்த்துவிட்டு, மனுஷனை நீர் நினைக்கிறதற்கு அவன் எம்மாத்திரம் என்று கேட்கிறார். 1969 ஜூலையில் சந்திரனில் நடந்துவிட்டுப் பூமிக்குத் திரும்பிக்கொண்டிருந்த பஸ் ஆல்ட்ரின், விண்கலத்திலிருந்து பேசும்போது நினைவுகூர்ந்ததும் இதே வசனத்தைத்தான். ஆனால் ஒன்று, "எங்களை நினைக்கிறீரா?" என்று தாவீது கேட்கவே இல்லை. நினைக்கிறார் என்பதில் அவருக்குச் சந்தேகம் கிடையாது, ஏன் நினைக்கிறார் என்பதுதான் ஆச்சரியம்.

சரி, இப்போது 147ஆம் சங்கீதத்துக்கு வாருங்கள். "இருதயம் நொறுங்குண்டவர்களைக் குணமாக்குகிறார், அவர்களுடைய காயங்களைக் கட்டுகிறார்." இது மூன்றாம் வசனம். அடுத்த வசனமே, அவர் நட்சத்திரங்களை எண்ணி, எல்லாவற்றையும் பேரிட்டு அழைக்கிறார் என்கிறது. நடுவில் ஒரு மூச்சு விடக்கூட இடம் இல்லை. நம்முடைய பால்வெளி மண்டலத்தில் மட்டும் குறைந்தது 10,000 கோடி நட்சத்திரங்கள் இருக்கும் என்று கணிக்கிறார்கள், கணிக்கத்தான் முடிகிறது, எண்ண முடியவில்லை. அவற்றில் ஏராளமானவற்றுக்கு நம்மிடம் பெயர் மட்டுமல்ல, பட்டியல் எண்கூடக் கிடையாது. அவை எல்லாவற்றையும் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவருக்கு உங்கள் பேர் மறந்துபோகுமா?

இதையெல்லாம் கேட்டு, "படைப்பில் அழகு மட்டுமா இருக்கிறது, புயலும் இருக்கிறதே" என்று யாராவது கேட்டால், அவர் கேட்பது நியாயம். யோபுவைப் பாருங்கள். பத்துப் பிள்ளைகள், ஒரே நாளில், ஒரு பெருங்காற்று வீட்டைச் சாய்த்ததில் போய்விட்டார்கள். நண்பர்கள் வந்தார்கள், ஏழு நாள் ஒரு வார்த்தையும் பேசாமல் கூடவே தரையில் உட்கார்ந்திருந்தார்கள் (அவர்கள் செய்ததிலேயே உருப்படியான காரியம் அதுதான், வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது). கடைசியில் கர்த்தர் பேசினார், அதுவும் பெருங்காற்றிலிருந்தே பேசினார். எந்தக் காற்று யோபுவின் வீட்டை வெறுமையாக்கியதோ அதே போன்றதொரு காற்றின் நடுவிலிருந்து வந்த குரலை அவர் எப்படிக் கேட்டிருப்பார் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. அப்போதும் "ஏன்?" என்பதற்குப் பதில் வரவில்லை. வரையாடு எப்போது குட்டி போடும், மனுஷர் யாருமே குடியிராத வனாந்தரத்தில் எதற்காக மழை பெய்கிறது, பசித்த காக்கைக் குஞ்சுக்கு இரை எங்கிருந்து வருகிறது என்று வரிசையாகக் கேள்விகள்தான் வந்தன. யோபுவின் வலியை இது சின்னதாக்கவில்லை. யாரும் பார்க்காத இடத்தில் ஒரு காட்டு ஆடு படும் பிரசவ வேதனைக்கே கணக்கு வைத்திருக்கிறவர், சாம்பலில் உட்கார்ந்திருக்கிற யோபுவைப் பார்க்காமலா இருந்திருப்பார்?

இயேசுவும் இப்படித்தான் பேசினார். மத்தேயுவில் ஒரு காசுக்கு இரண்டு அடைக்கலான் குருவிகள். லூக்காவில் இரண்டு காசுக்கு ஐந்து. கணக்குப்படி நாலுதானே வரவேண்டும்? ஐந்தாவது குருவி சும்மா கொடுத்தது, விலையே இல்லாதது. அதையும் தேவன் மறப்பதில்லை என்றார் அவர். சகலமும் அவரைக்கொண்டு சிருஷ்டிக்கப்பட்டது என்று கொலோசெயர் நிருபம் சொல்கிறது; அப்படிப்பட்டவர்தான் லாசருவின் கல்லறைக்குப் போகும் வழியில், சற்று நேரத்தில் அவனை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்திருந்தும், மரியாள் அழுவதைப் பார்த்துத் தானும் கண்ணீர் விட்டார்.

அதனால் துக்க வீட்டுக்குப் போகிறவர்கள் 147ஆம் சங்கீதத்தின் வரிசையை மாற்றாமல் இருந்தால் நல்லது. முதலில் காயத்தைக் கட்டுங்கள், கூட உட்காருங்கள், சாப்பிட்டார்களா என்று கேளுங்கள். நட்சத்திரங்களைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம். இந்த நேரத்தில் நீங்களே சோர்ந்துபோயிருந்தால், இன்றிரவு ஏசாயா 40ஆம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள், மொத்தம் 31 வசனங்கள்தான். என் வழி கர்த்தருக்கு மறைவாயிற்று என்று புலம்பிக்கொண்டிருந்த ஜனங்களுக்குச் சொன்னது அது. முடிந்தால் சத்தமாக வாசியுங்கள்.

நன்றி, வணக்கம்.