ரேகை விழாவிட்டால் அரிசி இல்லை என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை

(திருவாரூரில் மூத்த குடிமக்கள் கூடியிருந்த அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, அவர்களைக் கைபிடித்து அழைத்து வந்திருக்கும் பிள்ளைகளே, பேரப்பிள்ளைகளே, வணக்கம்.

நான் சொல்ல வந்தது ஒரே ஒரு செய்தி. இயந்திரம் உங்கள் விரலை ஏற்காவிட்டாலும் உங்களுக்குச் சேர வேண்டிய அரிசியும் பணமும் உங்களுக்குச் சேர்ந்தே ஆக வேண்டும். சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது, அரசின் சுற்றறிக்கையிலும் இருக்கிறது, உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலும் இருக்கிறது. நம் ஊர்க் கடை வாசலுக்குத்தான் இன்னும் வந்து சேரவில்லை.

அண்மையில் ஒரு கிராமத்தில் முதியோர் பணம் கொடுக்கும் இடத்தில் நின்றிருந்தேன். வங்கியின் சார்பில் கையடக்க இயந்திரத்தோடு வந்த இளைஞர் பள்ளிக்கூடத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். எழுபதைக் கடந்த ஓர் அம்மா, முறை வந்ததும் வலது கட்டை விரலை வைத்தார். பதியவில்லை. "துடைத்துவிட்டு வையுங்கள், பாட்டி" என்றார் இளைஞர். முந்தானையில் அழுத்தித் துடைத்துவிட்டு வைத்தார். ஆள்காட்டி விரல், நடுவிரல், பிறகு இடது கை. பின்னால் நின்ற இன்னோர் அம்மா தன் தலையில் இருந்த எண்ணெயைத் தொட்டு அந்த விரலில் தடவிவிட்டார். அதற்கும் பலன் இல்லை. "நாளைக்கு வந்து பாருங்கள்" என்று சொல்லி அடுத்தவரை அழைத்துவிட்டார்கள். அந்த அம்மா எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. குற்றம் தன் கையில்தான் என்பதுபோல விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே படியிறங்கினார்.

அந்தக் கையில் என்ன குற்றம்? நாற்றுப் பறித்து, நடவு நட்டு, களையெடுத்து, கதிர் அறுத்த கை அது. டெல்டா முழுவதும் இப்படிப்பட்ட கைகள்தாம். வேதாரண்யத்தில் உப்பு வாரிய கை, திருபுவனத்தில் பட்டுத் தறியில் நூல் இழுத்த கை, நாச்சியார்கோயிலில் குத்துவிளக்குக்கு அரம் போட்ட கை. உழைக்க உழைக்க ரேகையின் மேடு தேய்கிறது. வயது ஏற ஏறத் தோல் வறண்டு, மெலிந்து, சுருங்கிவிடுகிறது. இங்கே இருப்பவர்களில் பலர் ஆதாருக்காகக் கைரேகை கொடுத்துப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அன்று வைத்த விரலோடுதான் இன்றைய விரலை இயந்திரம் ஒப்பிட்டுப் பார்க்கிறது. நடுவில் எத்தனை போகம் நடவு நடந்தது என்பது அதற்குத் தெரியாது.

ரேகை விழாவிட்டால் ஓடிபி இருக்கிறதே என்பார்கள். அந்தக் கைப்பேசி யாரிடம் இருக்கிறது? ஆதாரில் இணைத்திருப்பது பெரும்பாலும் மகனுடைய எண். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். அவன் ஷிப்டில் நிற்கும்போது ஓடிபி வருகிறது. எடுத்துப் பார்ப்பதற்குள் அதன் நேரம் முடிந்துவிடுகிறது. சிங்கப்பூருக்குப் போன பிள்ளையின் பழைய எண்ணோ என்றைக்கோ செயலிழந்துவிட்டது. தாயும் தகப்பனும் ஊரில் தனியாக இருக்க, அவர்களுடைய அடையாளம் மட்டும் வேறொருவர் சட்டைப் பையில் இருக்கிறது.

பெயர்ச் சிக்கல் தனி. வங்கிப் புத்தகத்தில் கணவர் பெயரின் முதலெழுத்து, ஆதாரில் தகப்பனார் பெயரின் முதலெழுத்து. பிறந்த நாள் தெரியாதவர்களுக்குத் தோராயமாக ஜனவரி 1 என்று போட்டார்கள். ஆண்டையும் குத்துமதிப்பாகவே எழுதினார்கள். அதில் நான்கைந்து ஆண்டு குறைந்துபோனவர் அறுபதைக் கடந்தும் முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க முடியாமல் நிற்கிறார்.

இந்த உதவித்தொகை 1962-இல் மாதம் 20 ரூபாயாகத் தமிழகத்தில் தொடங்கியது. 2023-இல் 1,200 ரூபாய் ஆனது. இதில் மத்திய அரசின் பங்கு 80 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு 200 ரூபாய், 80 ஆனவர்களுக்கு 500 ரூபாய். மீதி மாநில அரசின் பணம். இந்தப் பணத்தில்தான் மருந்து, இதில்தான் பால், இதில்தான் பேரனுக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட். ஒருமுறை ரேகை விழாமல் திரும்பினால் மறுமுறை வரும் ஆட்டோக் கூலியும் இதிலிருந்துதான் போக வேண்டும்.

இனி, சட்டம் என்ன சொல்கிறது என்று கேளுங்கள். 2016-ஆம் ஆண்டு ஆதார் சட்டத்தின் 7-ஆவது பிரிவுதான் அரசு உதவிகளுக்கு ஆதாரைக் கேட்க வழி செய்கிறது. அந்தப் பிரிவே, ஆதார் எண் இன்னும் கிடைக்காதவர்களுக்கு மாற்று அடையாளத்தின் பேரில் உதவி வழங்க வேண்டும் என்கிறது. 2017 அக்டோபர் 24 அன்று ஆதார் ஆணையம் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. ஒரு விரல் சரிவராவிட்டால் மற்ற விரல்கள், கருவிழி, ஓடிபி என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். எதுவுமே முடியாவிட்டால் கையில் இருக்கும் அட்டையைச் சரிபார்த்து, பதிவேட்டில் குறித்துக்கொண்டு, பொருளைக் கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். 2018 செப்டம்பர் 26 அன்று ஆதார் வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றமும், சரிபார்ப்பு தோற்றுப்போனது என்பதற்காகத் தகுதியுள்ளவர் பலனை இழக்கக் கூடாது என்று பதிவு செய்தது.

ஆகவே, திருப்பி அனுப்பினால் கோபப்படாமல், குரல் தாழாமல் கேளுங்கள்: "பதிவேட்டில் எழுதிக்கொண்டு கொடுங்கள், ஐயா." கடைக்காரரோடு சண்டை பிடிக்கச் சொல்லவில்லை. சம்பளம் குறைந்த, மேலிடத்துக்குப் பயந்த மனிதர் அவர். விதி என்ன என்று அவருக்கும் பல இடங்களில் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கடைக்கு நடந்து வரவே முடியாதவர்கள் தங்களுக்குப் பதிலாக இன்னாரிடம் கொடுக்கலாம் என்று எழுதித் தர ஒரு படிவம் இருக்கிறது. 2025 ஆகஸ்ட் 12 அன்று தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் 70 வயதைக் கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருள்கள் வீட்டுக்கே வந்தன. வாசலுக்கு வண்டி வருவது பெரிய நன்மை. வண்டியில் வரும் இயந்திரமும் விரலைத்தான் கேட்கும் என்பதால் பதிவேடும் அந்த வண்டியிலேயே வர வேண்டும் என்பது என் கருத்து.

ஓய்வூதியர்களுக்கு ஒரு வார்த்தை. உயிர்ச்சான்று கொடுக்க ஜீவன் பிரமாண் என்ற மின்னணு முறை 2014 நவம்பரில் வந்தது. 2021 நவம்பரில் முகத்தைக் காட்டியே சான்று எடுக்கும் வசதியும் சேர்ந்தது. இதை மனமார வரவேற்கிறேன். மத்திய அரசு ஓய்வூதியர்கள் ஆண்டுதோறும் இந்தச் சான்றைக் கொடுக்க வேண்டிய மாதம் நவம்பர். நவம்பர் என்றால் நமக்கு வடகிழக்குப் பருவமழை. கஜா புயல் கரையைக் கடந்ததும் 2018 நவம்பரில்தான். வாய்க்கால் உடைந்து சாலையில் தண்ணீர் ஓடும் மாதத்தில், "நான் உயிரோடு இருக்கிறேன்" என்று காட்ட வங்கிக்குப் போகச் சொன்னது பெரிய கொடுமையாக இருந்தது. இப்போது அஞ்சல்காரரே கருவியோடு வீட்டுக்கு வந்து 70 ரூபாய்க் கட்டணத்தில் எடுத்துக்கொடுக்கும் சேவை இருக்கிறது. மத்திய அரசு ஓய்வூதியர்களில் 80 வயதானவர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம். சர்க்கரை ஆலையிலும் நூற்பாலையிலும் வேலை பார்த்து வருங்கால வைப்புநிதி ஓய்வூதியம் வாங்குபவர்களுக்கு நவம்பர் என்ற கணக்கே கிடையாது. ஆண்டில் எந்த நாளில் கொடுத்தாலும் அன்றிலிருந்து ஓராண்டு செல்லும். சித்திரை, வைகாசியில் முடித்துவிடுங்கள்.

முகம் காட்டும்போது கைப்பேசிச் செயலி கண்ணைச் சிமிட்டச் சொல்லும். கண்புரை அறுவை செய்துகொண்டவருக்கும், பக்கவாதத்தால் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டவருக்கும் அது எளிதாக வராது. பிள்ளைகளே, வெளிச்சம் முகத்தில் விழும்படி வாசல் பக்கம் திருப்பி உட்கார வையுங்கள், கண்ணாடியைக் கழற்றுங்கள், அவசரப்படுத்தாதீர்கள். 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், அமில வீச்சில் முகம் சிதைந்தவர்களும் பார்வையற்றவர்களும் தொடுத்த வழக்கில், மின்னணுச் சேவைகளை எட்டும் உரிமை அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவில் அடங்கும் என்றும், கண் சிமிட்டுவதற்கு மாற்று வழி வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. வாழும் உரிமையைப் பற்றிய பிரிவு அது. வயதானவர்களுக்கும் அந்தத் தீர்ப்பு துணை நிற்கும் என்றே நான் நம்புகிறேன்.

ஓர் எச்சரிக்கை. "உயிர்ச்சான்று காலாவதி ஆகிவிட்டது, ஓய்வூதியம் நின்றுவிடும், ஓடிபியைச் சொல்லுங்கள்" என்று ஒரு குரல் கைப்பேசியில் வரும். உங்கள் பெயர், வங்கி எல்லாம் சரியாகச் சொல்லும். உடனே துண்டித்துவிடுங்கள். எந்த அலுவலகமும் தொலைபேசியில் ஓடிபி கேட்காது. ஏமாந்து பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் அந்த நிமிடமே இணையக் குற்றங்களுக்கான உதவி எண் 1930-ஐ அழையுங்கள். பேரப்பிள்ளைகள் பாதுகாப்புக்காகத் தாத்தாவின் ஆதார் ரேகையை வேறு யாரும் பயன்படுத்தாதபடி இணையத்தில் பூட்டி வைத்தால், ரேஷன் வாங்கும் நாளில் திறந்துவிட மறக்காதீர்கள்.

இங்கே வந்திருக்கும் அதிகாரிகளிடம் எங்கள் கோரிக்கை இரண்டு. ரேகை விழாமல் பதிவேட்டின்படி கொடுக்கப்பட்டவர்கள் எத்தனை பேர், வெறுங்கையோடு திரும்பியவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கை ஒவ்வொரு கடையிலும் மாதந்தோறும் எடுத்துத் தாலுகா அலுவலகத்தில் ஒட்டுங்கள். திரும்பியவர் வீட்டுக்கு அந்த வாரத்துக்குள் ஓர் ஆள் போக வேண்டும். எழுபது வயதுக்காரரை அலைய விடுவதைவிட முப்பது வயது ஊழியர் சைக்கிளில் போவது எளிது.

வாசலில் மேசை போட்டு இரண்டு மாணவிகள் உட்கார்ந்திருக்கிறார்கள். எந்தக் கடை, எந்தத் தேதி, என்ன பதில் சொன்னார்கள் என்று அவர்களிடம் சொல்லுங்கள். மனுவாக எழுதித் தருவார்கள். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் நேரில் கொடுக்கப் போகிறோம். உடன் வர முடிந்தவர்கள் குடும்ப அட்டையின் நகலோடு காலை பத்து மணிக்கு ஆட்சியர் அலுவலக வாசலுக்கு வந்துவிடுங்கள்.