தலையில் விழும் மோதல்: ஐஸ் ஹாக்கி விதியில் இன்னும் அடைபடாத ஓட்டை

(திரையில்: பனித்தளத்தின் வரைபடம். இரண்டு புள்ளிகள் நெருங்குகின்றன.)

2010 மார்ச் 7, பிட்ஸ்பர்க். வட அமெரிக்காவின் தொழில்முறை ஐஸ் ஹாக்கி லீக்கான என்ஹெச்எல் ஆட்டத்தின் மூன்றாவது பகுதி. பாஸ்டன் புரூயின்ஸ் வீரர் மார்க் சவார்ட் கோலை நோக்கி வட்டை, அதாவது பந்துக்குப் பதிலான ரப்பர் தட்டை, அடிக்கிறார். அடித்த கையோடு, பக்கவாட்டிலிருந்து பாய்ந்து வந்த பிட்ஸ்பர்க் வீரர் மேட் குக் அவருடைய தலையில் மோதுகிறார். சவார்டை ஸ்ட்ரெச்சரில்தான் வெளியே கொண்டுபோனார்கள். குக்குக்கு நடுவர் பெனால்டி தரவில்லை. லீக்கும் பின்னர் தடை விதிக்கவில்லை. தோளால் தலையில் மோதுவது குற்றம் என்று சொல்லும் தனி விதி அன்று இல்லை.

சரி, இந்த ஆட்டத்தில் மோதுவதே தப்பா? இல்லை. வட்டை வைத்திருப்பவரை உடம்பால் இடித்து அதைப் பறிக்கலாம். இதற்குப் பெயர் பாடி செக். தலை அடிபடும்போதுதான் வேறு கதை.

(திரையில்: மண்டை ஓட்டின் குறுக்குவெட்டு. மூளை அசைகிறது.)

ஹெல்மெட் மண்டை உடையாமல் காக்கும். ஆனால் தலை சட்டென்று திரும்பும்போது உள்ளே மூளை குலுங்குவதை அதனால் தடுக்க முடியாது. கன்கஷன் எனப்படும் மூளை அதிர்ச்சி வருவது அப்படித்தான். முதல் அடி ஆறுவதற்குள் இன்னொன்று விழுந்தால் பாதிப்பு இன்னும் மோசம். சவார்ட் திரும்பி வந்து ஆடினார். 2011 ஜனவரியில் மறுபடியும் கன்கஷன். அதோடு அவருடைய ஆட்ட வாழ்க்கை முடிந்தது. அந்த ஆண்டு பாஸ்டன் ஸ்டான்லி கோப்பையை, அதாவது என்ஹெச்எல் சாம்பியன் கோப்பையை, வென்றது. போதிய ஆட்டங்கள் ஆடாத அவருடைய பெயரையும் கோப்பையில் பொறிக்கச் சொல்லி அணி தனியாக அனுமதி வாங்கியது.

சவார்ட் விழுந்த பிறகுதான் தலையில் மோதுவதைத் தடுக்கும் விதி 48 வந்தது. முதலில் பக்கவாட்டு மோதலுக்கும், பார்வையில் படாமல் வந்து இடிப்பதற்கும் மட்டும். 2011-இல் எந்தத் திசையிலிருந்து வந்தாலும் குற்றம் என்றானது. அதே ஆண்டு வீரர் பாதுகாப்புத் துறையும் உருவானது. பிரெண்டன் ஷனஹான் அதன் முதல் தலைவர். ஒவ்வொரு தடைக்கும் காரணத்தை வீடியோவில் காட்டி விளக்கும் வழக்கம் அவர் காலத்தில் வேரூன்றியது. எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம் அதுதான். எங்கே தவறு நடந்தது என்பதை மற்ற வீரர்களும் கண்ணால் பார்க்கிறார்கள்.

தடைக்குப் பலன் உண்டா? 2011 மார்ச்சில் குக் இன்னொருவரின் தலையில் முழங்கையால் இடித்தார். மீதமிருந்த 10 லீக் ஆட்டங்கள், கோப்பைக்கான பிளேஆஃப் ஆட்டங்களின் முதல் சுற்று, இரண்டும் தடையில் போயின. அந்த சீசனில் தவறுகளுக்காக 129 பெனால்டி நிமிடங்கள் வாங்கியவர், அடுத்த சீசனில் 44 தான் வாங்கினார். ஆளே மாறிவிட்டார்.

(திரையில்: மெதுவாக ஓடும் மறுஒளிபரப்பு. தோள் தலையைத் தொடும் இடத்தில் நிற்கிறது.)

ஆனாலும் விதி 48-இல் இரண்டு நிபந்தனைகள் இருக்கின்றன. மோதல் முக்கியமாகத் தலையில் பட்டிருக்க வேண்டும். அதைத் தவிர்த்திருக்கவும் முடிந்திருக்க வேண்டும். அடிபட்டவர் கடைசி நொடியில் குனிந்திருந்தால், இடித்தவர் தப்பிக்கலாம். இது எனக்கு ஒப்பவில்லை. ஹாக்கி ஸ்டிக் தெரியாமல் எதிராளியின் முகத்தில் பட்டாலே பொதுவாக 2 நிமிடம் வெளியே உட்கார வேண்டும். காயம்பட்டால் 4 நிமிடம். ஸ்டிக்குக்கு அதைப் பிடித்தவர்தான் பொறுப்பு என்கிறது விதி. தோளுக்கும் அதே பொறுப்பை வைக்க லீக் ஏன் இன்னும் தயங்குகிறது?