நாற்காலிக்கு ஆள் வந்தாயிற்று, அப்புறம்?

எல்லாருக்கும் வணக்கம். அரசு அலுவலகத்தில் வேலை ஏன் இழுக்கிறது என்று யாரைக் கேட்டாலும் இரண்டு பதில்தான். ஆள் இல்லை என்பார்கள், இல்லாவிட்டால் சோம்பேறிகள் என்பார்கள். இளநிலை உதவியாளராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். எனக்குத் தெரிந்த மூன்றாவது காரணம் ஒன்று உண்டு: வந்தவருக்கு வேலை கற்றுக்கொடுப்பதில்லை.

ஆள் எடுப்பதில் நாம் மோசமில்லை. மதராஸ் மாகாணத்தில் 1929-லேயே தேர்வாணையம் வந்துவிட்டது. மாகாணங்களில் அதுதான் முதல். 2018 குரூப் 4 தேர்வில் 9,351 இடங்களுக்கு 20 லட்சம் பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள். பத்தாம் வகுப்பு போதும் என்கிற தேர்வை இன்ஜினீயர்கள் எழுதுகிறார்கள். நேர்முகத் தேர்வு கிடையாது. இத்தனை பேரைத் தாண்டி வருகிற பிள்ளை மந்தமாகவா இருக்கும்?

ஆனால் அந்தத் தேர்வில் தமிழ் உண்டு, வரலாறு உண்டு, கணக்கு உண்டு. ஒரு கோப்பில் குறிப்பு எழுதுவது எப்படி என்பது இல்லை. அதைப் பணியில் சேர்ந்த பிறகுதான் கற்க வேண்டும்.

சேர்ந்த முதல் நாள் என்ன நடக்கும்? பீரோ சாவியைக் கையில் கொடுப்பார்கள். பழைய ஆள் மாறுதலில் போயிருப்பார். உள்ளே நாடா கட்டிய கட்டுகள். வந்த தபாலையும் அதன்மேல் எடுத்த நடவடிக்கையையும் எழுதி வைக்கிற தன்பதிவேட்டில் நான்கு மாதமாகப் பதிவே இருக்காது. ஓ.மு., அதாவது ஓராண்டு முடிவு என்று முடித்தால் கோப்பை ஒரு வருஷம் வைத்திருந்தால் போதும், ப.மு., பத்தாண்டு முடிவு என்றால் பத்து வருஷம் என்பதை யாராவது போகிற போக்கில் சொன்னால் உண்டு. பவானிசாகரில் உள்ள அரசுப் பயிற்சி நிலையத்தில் நடக்கும் அடிப்படைப் பயிற்சி, வேலையில் சேர்ந்து மாதங்கள் கழித்துத்தான் வரும். அதற்குள் கை ஒரு பழக்கத்துக்கு வந்துவிடும்.

அந்தப் பழக்கத்தைத்தான் சொல்ல வந்தேன். விதி தெரியாதவருக்குப் பயம். பயந்தவர் கோப்பைத் திருப்பி அனுப்புவார். கணவரை இழந்த ஒரு அம்மா குடும்ப ஓய்வூதியம் கேட்டு விண்ணப்பித்தார். வாரிசுச் சான்று இல்லை என்று முதலில் ஒரு கடிதம் போனது. கொண்டு வந்தார். புகைப்படத்தில் சான்றொப்பம் இல்லை என்று இரண்டாவது. அப்புறம் வங்கிக் கணக்கு நகல். மூன்று கடிதம், ஏழு மாதம். மாத அறிக்கையில் அது எப்படித் தெரியும் தெரியுமா? மூன்று முறை 'நடவடிக்கை எடுக்கப்பட்டது'. எண்ணிக்கையைப் பார்த்தால் அந்த இருக்கை சுறுசுறுப்பான இருக்கை!

வேலை தெரிந்தவர் இந்த மூன்றையும் முதல் கடிதத்திலேயே கேட்டிருப்பார். பயிற்சியால் கிடைக்கும் லாபம் என்று நான் சொல்வது இதைத்தான். எத்தனை கடிதம் போனது என்று பார்க்காதீர்கள். ஒரு மனு எத்தனை முறை திரும்பியது என்று எண்ணுங்கள்.

பணியில் இருப்பவர்கள் எழுதும் துறைத் தேர்வு இருக்கிறதே என்பீர்கள். மே, டிசம்பரில் நடக்கும், புத்தகம் பார்த்தே எழுதும் தாள்களும் உண்டு. பதில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தெரிந்தால் தேறிவிடலாம். எனக்கு வேலை கற்றுக்கொடுத்தது ஒரு பழைய உதவியாளர். பத்து நாள் பக்கத்தில் உட்கார வைத்து, வந்த ஒவ்வொரு தபாலையும் காட்டி, "இதுக்கு என்ன எழுதுவே தம்பி?" என்று கேட்டார். தப்பாகச் சொன்னால் சிரிப்பார், திட்ட மாட்டார்.

இங்கே அலுவலகத் தலைவர்கள் சிலர் முன்வரிசையில் இருக்கிறீர்கள். பயிற்சிக்கு ஆளை அனுப்பச் சொல்லிக் கடிதம் வந்தால், 'நிர்வாக நலன் கருதி விடுவிக்க இயலாத நிலை' என்று பதில் போகிறது. அந்தக் குறிப்பை நானும் மூன்று தடவை எழுதி மேலே வைத்திருக்கிறேன். மூன்றிலும் அப்படியே கையெழுத்தாகி வந்தது.